ஒரே பக்கத்தில் இருவர்

...விழுந்து கிடப்பது தானா அவளா என்பதே ஜமால்தீனுக்கு முதலில் விளங்கவில்லை, திரையில், தலையில் சிவப்பு நாடா கட்டிய இளந்தாரி ஒருவன் மல்லாந்து கிடந்தான், பக்கத்தில் தொப்பை தள்ளிய தடியன் ஒருவன் கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு நின்றான், இந்த இரண்டு பேரில் தான் எவன், தெரிவு செய்தது நாடாவையா தொப்பையையா, தொலைக்காட்சி வேறு ஆங்கிலத்தில் எதையோ கத்தித் தீர்த்தது... "நீங்கதான் விழுந்து கிடக்கிறீங்க," என்றாள் நிஷ்மியா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சோற்றில் கல் கிடக்கிறது என்று சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாக. ஜமால்தீன் திரையைப் பார்ப்பதை விட்டு மனைவியைப் பார்த்தார். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, சாப்பிட்டு, கொஞ்சம் சாயலாம் என்று பாயை விரித்த மனிதர், மகன் அன்ஸாப் மாத்தளை டவுனுக்கு டியூஷன் போயிருந்தான், வெளியே மழை, முற்றத்தில் காயப்போட்டிருந்த கராம்பை அவசரமாக அள்ளி ஹோலுக்குள் கொட்டியிருந்ததால் வீடு முழுக்க ஒரே காரவாசம், அந்த வாசத்துக்குள் இருந்துகொண்டு இவள்தான் கேட்டாள், அன்ஸாப்ட கேமப் போடவா, ஒரு ஆட்டம் ஆடுவமா என்று. பகிடி விடுகிறாள் என்றுதான் நினைத்தார். சரி, பாவம், அவளுக்கும் பொழுது போகட்டும், மெதுவாக அடிப்போம் என்றுகூட நினைத்தார். மெதுவாக அடிப்போம்! அடிக்க எங்கே விட்டாள், கையைத் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது.

அவளுடைய விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கன்ட்ரோலரை இறுக்கிப் பிடிக்கவில்லை, மடியில் வைத்து, கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பது போல லேசாகப் பிடித்திருந்தாள், கட்டைவிரல்கள் மட்டும் தம்பாட்டில் ஓடின, மஞ்சள் கறை படிந்த அதே விரல்கள், இறைச்சிக்கு மசாலா பிசைந்த அதே விரல்கள், கல்யாணத்தன்று மருதாணியோடு நடுங்கிய... நடுங்கினவா, அல்லது நடுங்கியிருக்க வேண்டும் என்று தான் நினைத்துக்கொண்டதா? பதினொரு வருஷம் டோஹாவில், ஒரு பெரிய சுப்பர்மார்க்கட்டின் களஞ்சியத்தில், சாமான் பெட்டிகளுக்கு நடுவே. நோன்புக்கு முதல் வந்தவர் இனிப் போவதில்லை என்ற எண்ணத்தோடுதான் வந்தார். வந்து நாலு மாதத்தில் வீட்டைப் பற்றி எவ்வளவோ தெரிந்துகொண்டார், குளியலறைத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கித்தான் போட வேண்டும், கிணற்று மோட்டார் விக்கினால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், ஆனால் இவளைப் பற்றி... இவள் தேநீரைச் சீனி இல்லாமல் குடிக்கிறாள் என்பது போன கிழமைதான் கண்ணில் பட்டது. எப்போதிருந்து என்று கேட்டதற்கு, "அது கன காலம்," என்றாள். அந்தக் கன காலத்துக்குள் வேறு என்னென்ன இருக்கிறதோ என்று அன்றைக்கே ஒரு அரிப்பு. இதோ, அதற்குள்ளிருந்து ஒரு தடியன் இறங்கி வந்து அவரை அடித்துப் போட்டுவிட்டுத் தொப்பையைத் தடவுகிறான்.

"ஏன் அந்தத் தடியன எடுத்தே? அழகான பொம்புளயளும் இருக்காங்களே," என்று கேட்டார். "அவளுகள் சும்மா துள்ளுவாளுகள். இவன் மெதுவாத்தான் வருவான், வந்தா ஒண்டு போதும்," என்றாள். பிறகு, பரிதாபப்பட்டாளோ என்னவோ, திரையைப் பின்னுக்குப் போக வைத்துப் பட்டியலில் வேறு ஒன்றைத் திறந்தாள். இது ரெண்டாம் பாகமாம், முதல் பாகத்தில் ஒருவனோடு ஒருவன் சண்டை பிடிப்பது மட்டும்தான், இதில் பல விதம் வைத்திருக்கிறார்களாம், கதை ஓடிக்கொண்டே சண்டை வருவது ஒன்று, நேரத்தோடு போட்டி போடுவது ஒன்று, பழகுவதற்கென்றே ஒன்று. அந்தப் பழகுகிற இடத்தில்தான் அவரைக் கொண்டுபோய் விட்டாள். வெறும் வெள்ளைத் தரை, சுவரில்லை, ஆளில்லை, எதிரே ஒருவன் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறான். "இவன் திருப்பி அடிக்க மாட்டான். நீங்க அடிச்சுப் பழகுங்க." அடித்தார். உதைத்தார். அவன் விழுந்தான், எழுந்தான், திரும்பவும் அதே இடத்தில் கையைத் தொங்கவிட்டு நின்றான், முகத்தில் கோபமுமில்லை, நோவுமில்லை. கொஞ்ச நேரத்தில் ஜமால்தீனுக்கு அவனை அடிக்கப் பிடிக்கவில்லை. திருப்பி அடிக்காதவனிடம் எதை அறிந்துகொள்வது... ஒவ்வொரு தடவையும் லீவு முடிந்து திரும்பும்போது இவள் பயணப்பெட்டி அடுக்குவாள், கறித்தூள் ஒரு பக்கம், மாசிக்கருவாடு ஒரு பக்கம், கசியாமல் இரட்டைப் பையில் கட்டிய தேங்காய்ச் சம்பல், ஒரு சொல்லும் சொல்ல மாட்டாள், போகாதீங்க என்றும் சொன்னதில்லை, போங்க என்றும் சொன்னதில்லை. அழுவாள் என்று எதிர்பார்ப்பார். அழாததில் ஒரு நிம்மதி, விமானத்தில் ஏறி இருந்த பிறகு ஒரு சின்ன மனக்குறை. அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று பதினொரு வருஷத்தில் ஒருதரமாவது கேட்டிருக்கலாம்தான். கேட்கத் தோன்றவில்லையா, கேட்கப் பயமா?

"நீ எங்க பழகினே இதெல்லாம்?" இது மட்டும் வாயிலிருந்து வந்துவிட்டது. நிஷ்மியா கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். கால்மாட்டில் சிதறிக் கிடந்த கராம்பு மணிகளை ஒன்று ஒன்றாகப் பொறுக்கிக் குவியலில் போட்டுக்கொண்டே, "அன்ஸாப் ஓ எல் சோதனையில ஃபெயிலான வருஷம்," என்றாள். அந்த வருஷம் ஜமால்தீனுக்கு நன்றாக நினைவிருக்கிறது, அல்லது நினைவிருப்பதாகத்தான் இதுவரை எண்ணியிருந்தார். பிள்ள பேசுறானில்ல, கதவ மூடிக்கிறான், சாப்பாட்டையும் உள்ளுக்குத்தான் கேக்கிறான் என்று இவள் தொலைபேசியில் சொன்னாள், வயசு அப்படித்தான், விடு, அவன் ஆசைப்பட்ட கேம் பெட்டியைக் கார்கோவில் அனுப்புறேன், எல்லாம் சரியாகும் என்றார் அவர். அனுப்பினார். சரியாகியும் விட்டது, மறு வருஷம் எழுதித் தேறினான், பேசினான், சிரித்தான், அறைக்கூட்டாளிகளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார், பிள்ளைக்கு என்ன வேணுமென்று பார்த்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்று. "பெட்டி வந்த பொறகும் அவன் கதவத் தொறக்கல்ல," என்றாள் நிஷ்மியா. "இன்னும் மோசம். ராவு பகலா உள்ளுக்குள்ள அடிதடிச் சத்தம். ஒருநாள் நான் கதவத் தட்டிட்டு உள்ளுக்குப் போய் அவன் பக்கத்துல இருந்தேன். ஏசுவான்னு பாத்தேன். ஏசல்ல. மத்த கன்ட்ரோலர எடுத்து என்ட மடியில போட்டான். அவ்வளவுதான். முகத்தக்கூடப் பாக்கல்ல."

"பொறகு?"

"பொறகு என்ன, அடிச்சான். எனக்கு எந்தப் பொத்தான் எதுக்குன்னும் தெரியா. நாளெல்லாம் விழுந்தேன். அடுத்த நாளும் போனேன். அப்படிக் கொஞ்ச நாள், ஒரு கதையுமில்ல, நான் விழுறது, எழும்புறது. ஒருநாள் அடி வார நேரம் சொன்னான், 'உம்மா, தடுங்க.' அதான் அவன் வாய் தொறந்து சொன்ன முதல் சொல்லு."

உம்மா, தடுங்க. ஜமால்தீன் அதை மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். அந்த அறையை நினைத்துப் பார்க்க முயன்றார், மூடிய ஜன்னல், சாத்திய கதவு, தலையில் முக்காட்டோடு இவள், பக்கத்தில் மீசை அரும்பிய மகன், இரண்டு பேர் முகத்திலும் திரையின் நீலமும் சிவப்பும் மாறி மாறி... அந்த நேரத்தில் தான் எங்கே இருந்திருப்பார், குளிரூட்டிய களஞ்சியத்தில் பால்மாப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்திருப்பார், அல்லது அடுக்குக் கட்டிலில் படுத்து, பெட்டி அனுப்பியாயிற்று, இனிக் கவலை இல்லை என்று கண்ணை மூடியிருப்பார். கோபமா வருகிறது? இல்லை. வெட்கமா? அதுவும் முழுசாக இல்லை. ஆச்சரியம்தான். தன் வீட்டுக்குள் தான் அனுப்பிய ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய ஒரு காரியம் நடந்திருக்கிறது, அது தனக்குச் சொல்லப்படவே இல்லை. "ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்றார். "என்னத்தச் சொல்றது? கேம் ஆடுறேன்னு சொன்னா சிரிச்சிருப்பீங்க," என்றாள். சிரித்திருப்பார். அறை முழுக்கக் கேட்கச் சொல்லிச் சிரித்திருப்பார்.

மழை வலுத்தது, மேலே மலைப்பக்கம் ஒருதரம் இடித்தது, கரண்ட் போய்விடுமோ என்று இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் பல்பைப் பார்த்தார்கள், போகவில்லை. "இது பாருங்க, எனக்கு இதுதான் விருப்பம்," என்று அவள் இன்னொன்றைத் திறந்தாள். இதில் ஒருவன் பின்னால் ஒருவனாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்களாம், ஒருவனை வீழ்த்தினால் ஓய்வில்லை, குறைந்த உயிர் ஏறாது, அதே குறைந்த உயிரோடு அடுத்தவனைப் பார்க்க வேண்டும், எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறோம் என்பதுதான் ஆட்டமாம். இதற்கு முடிவு கிடையாதா என்று கேட்டார். "இல்ல, விழுற வரைக்கும்தான்." தடியன் தொப்பையோடு நடுவில் நின்றான், வாள்காரன் வந்தான், கொண்டைக்காரி வந்தாள், சுருள்தலையன் ஒருவன் கரணம் அடித்துக்கொண்டு வந்தான், தடியன் ஓடவில்லை, துள்ளவில்லை, கையைக் குறுக்கே வைத்துத் தடுத்துத் தடுத்து நின்றான், வருகிறவன் அடித்துக் களைத்து ஒரு கணம் மூச்சு வாங்கும்போது ஒரே ஒரு குத்து. அடுத்தவன். ஜமால்தீன் இப்போது திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார், உதட்டை மடித்துக் கடித்திருந்தாள், கண்ணில் ஒரு மினுக்கம், இது எந்த முகம், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது பார்த்த முகமில்லை, வீடியோ கோலில் ஆமா, சரி, சாப்பிட்டீங்களா என்ற முகமில்லை, இந்த முகம் இத்தனை நாள் எங்கே இருந்தது, தனக்கு அஞ்சி ஒளிந்திருந்ததா, தான் இல்லாததால் முளைத்ததா? இரண்டில் எது என்று அறிய வேண்டும் போலிருந்தது. அறிந்தால் செவ்வாய்க்கிழமையிலிருந்து மனசுக்குள் கிடந்து உருளும் அந்த விஷயத்துக்கும் ஒரு வழி கிடைக்கும் போலிருந்தது. களஞ்சிய மேலாளர் கோல் எடுத்திருந்தார், பழைய வேலை காலியாக இருக்கிறது, வாறதென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லு என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தார். நிஷ்மியாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. இவள் என்ன சொல்வாள்? எதுவும் சொல்லாமல் பயணப்பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டால்?

திரும்ப ஒருதரம் ஒருவருக்கொருவர் ஆடினார்கள். இந்தமுறை கொஞ்சம் சமாளித்தார், தடுக்கவும் செய்தார், ஆனால் அடிக்க நினைக்கிற ஒவ்வொரு தடவையும் அவர் நினைத்து முடிக்கும் முன்பே தடியன் விலகிவிடுகிறான், எப்படி, மனசுக்குள் எட்டிப் பார்க்கிறாளா என்ன? கேட்டே விட்டார். நிஷ்மியா சிரித்தாள். "நீங்க அடிக்கிறதுக்கு முந்தி மூச்சப் புடிக்கிறீங்க. பக்கத்துல இருந்தா நல்லாக் கேக்குது."

"அப்படியா! வேற என்னென்ன கண்டுபிடிச்சிருக்கே?"

"டோஹாவுல இருந்து கோல் வந்திருக்கு," என்றாள்.

சிவப்பு நாடாக்காரன் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றான். தடியனும் அடிக்கவில்லை. "யார் சொன்னது?" என்றார் ஜமால்தீன். "யாரும் சொல்லத் தேவல்ல. செவ்வாக்கிழமையிலேர்ந்து போன் வந்தா கராம்பு மரத்தடிக்குப் போய்ப் பேசுறீங்க. உள்ளுக்கு வாரப்போ மூச்சப் புடிச்சிட்டு வாறீங்க." ஒரு பல்லி சுவரில் சத்தமிட்டது. எத்தனை நாளாகத் தெரிந்துவைத்துக்கொண்டு கறி ஆக்கினாள், சோறு போட்டாள், கேம் ஆடுவமா என்று கேட்டாள்... "நீ என்ன சொல்றே? போகவா, வேணாமா?" என்றார். இதுதான், இதற்குத்தான் அவர் காத்திருந்தார், போகாதீங்க என்று இவள் ஒரு சொல் சொல்லிவிட்டால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடலாம், போங்க என்று சொன்னால் அந்தக் கோபத்திலேயே விமானம் ஏறிவிடலாம். நிஷ்மியா நெற்றி முக்காட்டைச் சரிசெய்தாள். "நான் சொல்லி நீங்க போனதுமில்ல, நான் சொல்லி நீங்க வந்ததுமில்ல. இப்ப மட்டும் எதுக்கு என்ட வாயால கேக்கப் பாக்கிறீங்க?" குரலில் சூடில்லை. அதுதான் அவரைக் குழப்பியது, சூடு இருந்தால் தடுக்கலாம், இவள் அடித்தாளா, தடுத்தாளா, அல்லது உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்கிறாளா? எதுக்கு? ஏன் அவள் வாயால்? அந்தக் கேள்வியை அவர் இதுவரை தன்னிடமே கேட்டிருக்கவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அல்லது காத்திருந்தது அவருக்குத் தெரியவில்லை.

"சரி, இதையும் ஒருக்காப் பாப்போம்," என்றாள். "இது புதுசு. அன்ஸாபும் நானும் எதிரெதிராத்தான் ஆடுவம், இத நாங்க தொடல்ல. ரெண்டு பேரும் ஒரே பக்கம்." ஒரே பக்கமென்றால்? அவரும் அவளும் ஒரு கட்சி, எதிரே மெஷின் தரும் இரண்டு பேர், ஒரு நேரத்தில் ஒருவர்தான் சண்டையில், மற்றவர் ஓரத்தில் நிற்க வேண்டும், தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாம். நாடாக்காரன்தான் முதலில் இறங்கினான். ஜமால்தீனுக்கு ஒரு வேகம் வந்தது, இவள் பார்க்கிறாள், இந்த ஆட்டத்திலாவது... குத்தினார், உதைத்தார், இரண்டு தடவை எதிரியைச் சுவரோடு சாய்த்தார், அவளும் "ஆ, அப்படித்தான்" என்றாள், ஆனால் வாள்காரன் விடவில்லை, வெட்டு மேல் வெட்டு, மேலே இருந்த உயிர்க்கோடு தேய்ந்து தேய்ந்து நூலாகி, நாடாக்காரன் முழங்கால் மடிந்து விழுந்தான். தடியன் தானாகவே உள்ளே குதித்தான். இப்போது ஜமால்தீனுக்கு வேலையில்லை. அவள் வாள்காரனை வீழ்த்தினாள், அடுத்து வந்த சுருள்தலையன் அவளை வீழ்த்தினான், தோற்றார்கள். "இன்னொருக்கா," என்றாள். இந்தமுறை தடியன் முன்னால், நாடாக்காரன் ஓரத்தில். அடி வாங்கினாள், தடுத்தாள், கோடு பாதிக்குக் கீழே போயிற்று, கால்வாசி, இப்போது கூப்பிடுவாள் என்று நினைத்தார், கன்ட்ரோலரை நிமிர்த்திப் பிடித்தார், நாடாக்காரன் முழு உயிரோடு ஓரத்தில் கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளிக்கொண்டிருந்தான், கூப்பிடு, கூப்பிடேன்... கூப்பிடவில்லை. நூலளவு உயிரை வைத்துக்கொண்டே தடியன் ஒருவனை விழுத்தி, அடுத்தவனையும் விழுத்தி, தொப்பையைத் தட்டினான். வென்றதாகத் திரை கத்தியது. இரண்டு பேரும் வென்றதாக, நாடாக்காரனும் ஓடிவந்து தடியனுக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான், ஒரு அடியும் அடிக்காதவன்.

"ஏன் என்னக் கூப்பிடல்ல?" என்றார் ஜமால்தீன். கேட்ட பிறகுதான் தன் குரல் சின்னப் பிள்ளையுடையது போல ஒலித்தது தெரிந்தது.

நிஷ்மியா திரும்பிப் பார்த்தாள். உண்மையாகவே திகைத்திருந்தாள். "நெனவே வரல்ல," என்றாள். "அல்லாவே, நீங்க நிக்கிறது எனக்கு நெனவே வரல்ல." சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது, வேறு ஏதோ அவளுக்கும் பிடிபட்டது போல. அவர் முகத்திலிருந்து கண்ணை எடுத்துக் கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எந்தப் பொத்தான்னும் எனக்குத் தெரியாதே. மாத்துறது எதாலயாம்?"

"மேல, வலது பக்கம். உள்ளுக்கு இருக்கு, சின்னது," என்றார் ஜமால்தீன் சட்டென்று. "நிக்கிற ஆள்ட முகத்துக்குக் கீழ காட்டும். உயிர் கொறஞ்சா மின்னும்."

அவள் விரல் அந்தப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்தது. அதன் மேலேயே நின்றது. "அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்ததா?" என்றாள் மெதுவாக, குற்றமாக இல்லை, அறிகிற ஆசையோடுதான். தெரிந்திருந்தது. முதல் ஆட்டத்தில் நாடாக்காரன் வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கையில் திரையின் மூலையில் தடியனின் முகம் மின்னிக்கொண்டே இருந்ததை அவர் பார்த்தார், கீழே அடையாளத்தையும் பார்த்தார், விரல் அதன் மேல் போகவும் செய்தது. அவளுக்கு நினைவு வரவில்லை. தனக்கு நினைவு இருந்தது. பக்கத்தில் முழு உயிரோடு ஒரு ஆள் நிற்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விழும்வரை... ஏன் அழுத்தவில்லை? விழுவது பரவாயில்லை, கூப்பிடுவது மட்டும்தான் பெரிய காரியம் என்று யார் சொல்லித் தந்தது? நிஷ்மியா பதிலுக்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவரும் பதிலை அறிய விரும்பினார், அவளைவிட அதிகமாகவே விரும்பினார், மூச்சைப் பிடித்திருக்கிறோம் என்று தெரிந்து அதை மெல்ல விட்டார், அடுத்த ஆட்டம் திரையில் தானாகவே எண்ணத் தொடங்கியிருந்தது, இந்தமுறை யார் முதலில் இறங்குவது என்று இரண்டு பேரும் இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை.